மூன்று பேர் சீட்டில் ஒரு மாதச் சந்தா

இயர்போனுக்கு இரண்டு முனைதான். மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது எம்.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில்தான் எனக்குப் புரிந்தது.

குடவாசலில் பஸ் கிளம்பும் இடத்திலேயே நான் ஏறிவிடுவேன். ஜன்னல் ஓரத்தில் நான், பக்கத்தில் என் பை. இரண்டாவது நிறுத்தத்தில் என் தோழி ஏறியதும் பை என் மடிக்கு வந்துவிடும். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். கும்பகோணம் போய்ச் சேரும்வரை எங்கள் வாய் ஓயாது. சீட்டின் அந்தக் கடைசி ஓரத்தில் யார் உட்கார்ந்தால் நமக்கென்ன என்றுதான் இருந்தோம்.

அந்த வருஷம் அந்த ஓரத்தில் ஒருத்தி நிலையாக உட்கார ஆரம்பித்தாள். எங்கள் கல்லூரியிலேயே முதல் வருஷம். அப்பா வெளிநாட்டில். கையில் பெரிய போன், அதில் மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கும் ஆப். ஏறியதும், "அக்கா, இதப் பாருங்களேன்" என்று இயர்போனின் ஒரு முனையை என் தோழியிடம் நீட்டுவாள். அப்புறம் ஐம்பது நிமிஷத்துக்கு இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டே வரும். அவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும், எதற்கென்று தெரியாது. மனசுக்குள் அவளுக்கு இயர்போன்காரி என்று பெயர் வைத்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எந்த நல்ல வார்த்தையிலும் சொல்ல முடியாது. அந்தப் பெண் என்னிடம் ஒரு தப்பும் செய்யவில்லை. பஸ் பிரேக் போட்டால் என் பையையும் சேர்த்துப் பிடிப்பாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நடவு முடிந்து பயிர் பச்சை கட்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் என் தோழி ஏதோ படத்தைப் பற்றி ஆசையாகச் சொல்ல ஆரம்பித்து, "நீதான் பாக்கலையே, உனக்கு எப்படிடி சொல்றது" என்று பாதியில் நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு லேபில் ஒரு பிப்பெட்டை உடைத்தேன்.

சந்தா கட்டுவது என்ற யோசனை அப்போதுதான் வந்தது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் நாளை எழுதிப் பார்த்தேன். காலையில் மாட்டுக் கொட்டகை, சமையலில் அம்மாவுக்கு ஒத்தாசை. பஸ். வகுப்பு. லேப். பஸ். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். ரெக்கார்டு. தூக்கம். படம் பார்க்க இடம் பஸ்ஸில்தான் இருந்தது. ஆனால் ஓடும் பஸ்ஸில் ஜன்னல் காற்று இல்லாவிட்டாலே எனக்குக் குமட்டும், போனைப் பார்த்தால் வாந்தியே வரும், ஜன்னல் ஓரம் எனக்கே எனக்கு என்று ஆனதே அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். நேர்மையாகப் பார்த்தால் அந்தப் பக்கமே பதில் சொல்லிவிட்டது: உனக்கு இது ஒத்துவராது.

அப்படியும் மாசி மாதத்தில் சந்தா கட்டினேன். இருப்பதிலேயே சின்னத் திட்டம், ஒரு சமயத்தில் ஒரு போனில் மட்டும் ஓடும். கட்டின கையோடு பாஸ்வேர்டை என் தோழிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் பஸ்ஸில், "இனிமே உனக்கு யார் தயவும் வேணாம்டி" என்றேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிடி" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

படம் பார்க்கத்தான் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் என்ன பார்த்தாள் என்று பார்க்க நேரம் கிடைத்தது. தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஆப்பைத் திறந்து, என் கணக்கில் நான் போட்டுவைத்த அவள் பெயருக்குக் கீழே இருக்கும் பட்டியலைப் பார்ப்பேன். ஒரு பேய்ப் படம், இரண்டு காதல் படம், பாதி பார்த்த ஒரு கொலைப் படம். என் காசில் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. பஸ்ஸில் இயர்போன் மட்டும் பழையபடி அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்குறி போட்ட ஞாயிறு ஒருவழியாக வந்தது. எங்கள் சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் குவிந்து கிடந்தது, எடை போட எங்கள் முறை வரவில்லை. ராத்திரிக் காவல் அப்பா. பகலில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கும்வரை நான். ஆடு வாய் வைக்காமல் விரட்ட வேண்டும், எங்கள் எண்ணைக் கூப்பிட்டால் அப்பாவுக்குப் போன் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தானே என்று அதைச் சினிமா நேரமாக எழுதிவைத்திருந்தேன். நெல்லுக்குக் காவல் இருந்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். வெயிலில் திரை கறுப்பாகத் தெரிந்தது. தார்ப்பாய்க்குள் தலையை விட்டேன். உள்ளே புழுக்கம், நெல்லுச் சுணை வேறு அரித்தது. அந்தக் கொலைப் படத்தில் பதினோரு நிமிஷம் பார்த்திருப்பேன். வெளியே சத்தம் கேட்டது. ஆடு. ஓடிப்போய் விரட்டிவிட்டு வந்து மறுபடி தொட்டால், இந்தக் கணக்கில் வேறொரு போனில் படம் ஓடுகிறது என்று வந்தது.

தோழிக்குப் போன் போட்டேன். "நான் துணி துவைக்கிறேன்டி, நான் எங்க பாக்குறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் புள்ளைக்கு அவங்கப்பா இந்த மாசம் சந்தா கட்டலையாம். உன் பாஸ்வேர்ட குடுத்திருந்தேன். அவதான் பாக்குறா போல" என்றாள்.

பல் தேய்த்துக்கொண்டே நான் ரசித்த பட்டியல் முழுக்க இயர்போன்காரியுடையது! அந்தப் பேயும் காதலும் அவளுக்கு. உடம்பெல்லாம் அரித்தது, அது சுணை மட்டும் இல்லை. அங்கேயே நின்று பாஸ்வேர்டை மாற்றினேன். எங்கோ ஒரு வீட்டில் ஒரு படம் பாதியில் நின்றிருக்கும் என்று நினைத்தபோது அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதுமே அந்தப் பெண் என் தோழியைத் தாண்டி என் பக்கம் குனிந்தாள். "அக்கா, அது உங்க கணக்காமே, ரொம்ப தேங்க்ஸ்க்கா. நேத்து பாதியில நின்னுடுச்சு. நீங்க பாத்தீங்களா? யாருக்கா கொன்னது? சொல்லுங்கக்கா."

"பாத்தேனே" என்றேன்.

எனக்குத் தெரிந்தது பதினோரு நிமிஷம். மிச்சப் படத்தை நானே எடுத்தேன். "எல்லாரும் அந்தத் தம்பியச் சந்தேகப்படுறாங்கல்ல, அவன் இல்ல. லாரி டிரைவர்" என்று ஆரம்பித்தேன். பிணத்தை நெல்லுக் குவியலில் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஆடு வந்து தார்ப்பாயை இழுத்தது. எடை போடுகிறவரைக் கெட்டவராக்கி, பிறகு நல்லவராக்கினேன். இயர்போன் அவர்கள் மடியில் சும்மா கிடந்தது. இரண்டு முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கும்பகோணம் இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை.

அந்தப் பெண் "சூப்பர்க்கா" என்று முதலில் இறங்கிப் போனாள். என் தோழி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் படத்த நான் போன வாரமே முழுசாப் பாத்துட்டேன்டி. அதுல லாரியே வராது."

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவள் இவ்வளவு நேரம் காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு நன்றியாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கணக்கின் பட்டியலில் அந்தப் படம் பாதிதானே ஓடியிருந்தது என்பதுதான் எனக்குத் தோன்றியது.

"யாரோட பாத்தே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "தனியாத்தான். எங்கண்ணன் போன்ல எல்லா ஆப்பும் இருக்கு. நீ குடுத்தப்ப வேணாம்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவியேன்னுதான் வாங்கிக்கிட்டேன். உன்னோட பாக்கலாம்னா உனக்கு எங்கடி நேரம் இருக்கு?"

அன்று மதியம் சந்தாவை நிறுத்தினேன். மறுநாள் என் தோழி ஏறும்போது ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுவிட்டு நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அடுத்து அந்தப் பெண் வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தாள், இயர்போனைக் கையில் எடுத்தாள், என்னைப் பார்த்தாள், பைக்குள் போட்டாள். "அக்கா, வேற படம் ஏதாவது பாத்தீங்களா?" என்றாள்.

ஜன்னல் காற்று இல்லாமல் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கும்பகோணம் வரைக்கும் அந்த நடு இடத்தை விட்டு நான் நகரவே இல்லை.