இருபத்து நான்காவது கோடு

இது கட்டின கதை இல்லை. நடந்தது. என் தங்கை மகளுக்கு நடந்தது. பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். இதைச் சொன்ன அன்று அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள், கண்ணுகளா, வெளிச்சம் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

வீட்டில் அவளுக்கு 'அளவுக்காரி' என்று பெயர். தரைக்குள் என்ன இருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. கடலோர நகரம். வீட்டுக்கு வீடு போர் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டார்கள். மணல் எவ்வளவு கெட்டி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான், நிலநடுக்கம் வந்தால் எந்தத் தெரு தாங்கும், எந்தத் தெரு சேறாகிக் கட்டடங்களை விழுங்கும் என்று சொல்ல முடியுமாம்.

தெருவோரம் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக இருபத்து நான்கு கருவிகளைத் தரையில் குத்தி வைப்பார்கள். ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு. பக்கத்தில் பூனை நடந்தால்கூடக் கோடு துள்ளும். பகலில் பஸ்ஸும் லாரியும் தரையை ஆட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் ராத்திரிதான் இந்த வேலை. பதிவு ஓடும் இருபது நிமிடமும் யாரும் அடி எடுத்து வைக்கக் கூடாது.

முதல் கருவியிடம் அவள். தெருவின் மறுகோடியில், கடைசிக் கருவியிடம் அவள் மாமா. அதாவது என் தம்பி. இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து அதிர்வு உண்டாக்குவது அவன் வேலை. வேலை வெட்டி இல்லாமல் என் வீட்டில் உட்கார்ந்திருந்தவனை அவள்தான் சேர்த்துவிட்டாள். நெஞ்சு வலி வந்து பிழைத்தவன். "மாமாவ நல்லபடியா கொண்டு வந்து விடுடி" என்று அவளிடம் சொல்லித்தான் அனுப்புவேன்.

இது நடந்த தெருவில் முதல் இரண்டு ராத்திரியும் பதிவு கெட்டுப்போனது. ஒரு நாள் நாய். மறுநாள் மாமாவின் தும்மல். "என் தும்மலயே நிலநடுக்கம்னு எழுதிக்கோயேன்" என்றானாம். மூன்றாவது ராத்திரிதான் கடைசி. விடிந்தால் கருவிகள் வேறு ஊருக்குப் போக வேண்டும்.

1:31. சம்மட்டி அடித்து முடித்து, அமைதிப் பதிவு தொடங்கியது. மாமா கவிழ்த்த வாளி மேல், தெருவிளக்கின் கீழே. நடுத்தெரு இருட்டு. அவன் சும்மா இருக்க மாட்டான், காலை ஆட்டுவான். இருபத்து நான்காவது கோடு மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது.

1:40. பதின்மூன்றாவது கோடு துள்ளியது.

பிறகு பன்னிரண்டு... பதினொன்று... யாரோ நடக்கிறார்கள். அவளை நோக்கி.

நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் ஆள் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. மாமா வாளி மேல்தான் இருந்தான். போனில் கிசுகிசுத்தாள்.

"மாமா, நடந்தீங்களா?"

"எங்க நடக்கிறது... ஒக்காந்து ஒக்காந்து காலே மரத்துப் போச்சு."

எட்டு... ஏழு... ஆறு...

1:43. இரண்டாவது கோட்டில் வந்து நின்றது. அவள் முழங்காலிலிருந்து இரண்டு மீட்டர். அந்த இடத்தில் வெறும் தார்த் தரை. காய்ந்த ஓர் இலை.

நான்கு நிமிடம் அப்படியே நின்றது.

1:47. மூன்று... நான்கு... ஐந்து...

திரும்பிவிட்டது. மாமா பக்கம் போகிறது.

கூப்பிட்டால் அவன் எழுவான். எழுந்தால் பதிவு போச்சு. இன்னும் நாலே நிமிடம். வெறும் கோளாறாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உட்கார்ந்தே இருந்தாள்.

இதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

பதினெட்டு... பத்தொன்பது...

இருபத்து மூன்று.

1:49. இருபத்து நான்காவது கோடு ஒரே ஒரு தடவை துள்ளியது.

பிறகு அசையவில்லை.

அந்தச் சின்ன நடுக்கம்கூட இல்லை.

விளக்கின் கீழே மாமா காலை ஆட்டிக்கொண்டிருந்தான்... கண்ணுக்குத் தெரிந்தது. கோடு மட்டும் நேராக ஓடியது.

எழுந்து ஓடினாள்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்று சிரித்தானாம். கை ஜில்லென்று இருந்தது. கடல் காற்று என்று நினைத்தாள். கையை விடாமல், கருவி வரிசையை ஒட்டியே, இருவரும் நடந்து வந்தார்கள். பதிவை நிறுத்தும்போது மணி 1:54.

மறுநாள் அலுவலகத்தில் மேலதிகாரி பதிவைப் பார்த்தார். அந்த நடை தரைக்கு மேலே நடந்தது இல்லை என்றார். அதிர்வு ஒன்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஏறி வந்திருக்கிறது. அந்தத் தெருவில் இப்போது தண்ணீர் நிற்கும் ஆழம் அது. மணலும் தண்ணீரும் தவிர அங்கே எதுவும் கிடையாது. கருவியை மாற்றிப் பார்க்கலாம் என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

அவள் முடிக்கவில்லை. கடைசி நிமிடத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தாள். இரண்டு பேர் கை கோத்து நடந்து வந்த நிமிடம்.

ஒரு ஆளின் நடைதான் இருந்தது. அவளுடையது.

போன வாரம் ஒரு கருவியை என் வீட்டுக்கு எடுத்து வந்தாள். கூடத்துத் தரையில் வைத்தாள். "மாமா, கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்" என்றாள். தம்பி கருவியைத் தாண்டி அடுக்களைக்குப் போனான். சொம்போடு திரும்பி வந்தான். திரையை நானும் பார்த்தேன்.

கோடு அசையவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். யாரிடம் போய் என்ன சொல்வது? வேளைக்குச் சாப்பிடுகிறான். கேலி பேசுகிறான். ராத்திரி என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறான். நான் வளர்த்த பிள்ளை. வெளியே போ என்று எந்த வாயால் சொல்வேன்?

நல்லபடியா கொண்டு வந்து விடுடி என்று சொன்னது நான்தான்.

அவளும் யாரையோ கொண்டு வந்து விட்டுவிட்டாள்...

அடுத்த அறையில் அவன் செருப்புச் சத்தம் கேட்கிறது.