தங்கை எடுத்த பூ

அன்று கம்பெனியில் இருந்தவர்கள்: ஓவர்லாக் மெஷினில் தைக்கும் தென்காசிப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி. பேட்லாக் மெஷினில் தைக்கும் சாமளாபுரத்துக்காரர். செக்கிங் பெண்கள் மூன்று பேர். பீகார் டைலர்கள் நான்கு பேர். அயர்ன் மாஸ்டர். பிறகு நான், என் தங்கை.

கம்பெனி என்னுடையதுதான், பெரிதில்லை. தகரக் கொட்டகை, வாடகை மெஷின்கள். பெரிய இடத்தில் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுப்போம். எல்லாம் அமெரிக்காவுக்குப் போகிற பனியன்.

நான் எட்டாவதோடு நின்றேன். தங்கை நிற்கவில்லை. சென்னையில் படித்தாள், லண்டனில் படித்தாள். இப்போது ஜெனீவாவில் பொருளாதார நிபுணர். வரி ஏறினால், ஆலை மூடினால் எந்த நாட்டில் எத்தனை பேருக்கு வேலை போகும் என்று எண்ணி எழுதுவது அவள் வேலை. மந்திரிமார் படிப்பார்களாம். படித்து என்ன செய்வார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அடுத்த வருசத்துக்கும் எழுதச் சொல்லுவாங்கக்கா."

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினான். எங்கள் ஆர்டர் ஒவ்வொன்றாய் நின்றது. ஒன்று மட்டும் வரும், வராது என்று தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது அவிநாசி ரோட்டில் உள்ளூர்க் கடைகளுக்கு நைட்டி தைக்கிற கம்பெனியிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். போவதா, இருப்பதா? லீவில் வந்திருந்த தங்கையிடம் கேட்டுவிடலாம் என்றார்கள். சனிக்கிழமை கூட்டி வந்தேன்.

"அந்த வரி இறங்குமாம்மா? நாங்க இருக்கவா, போகவா?" என்றாள் தென்காசிக்காரி.

"அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றாள் தங்கை.

"நாடு நாடாப் போயி சொல்றீங்க. நம்ம கொட்டாய்க்கு ஒரு வார்த்தை வராதுங்களா அம்மிணி?" என்றார் அயர்ன் மாஸ்டர்.

"நெசமாவே தெரியாதுங்க."

மாஸ்டர்தான், "அப்ப பூ கேட்டுப்போடலாமுங்க" என்றார்.

எங்கள் பக்கம் முடிவு தெரியாத காரியத்துக்குச் சாமியிடம் பூ கேட்பது வழக்கம். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பொட்டலம் கட்டி வைப்போம். வெள்ளை வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் போவது என்று பேசிக்கொண்டோம். வேஸ்ட் துணியில் இரண்டு அரளிப் பூவைக் கட்டி, மெயின் சுவிட்சுக்கு மேலே இருந்த பிள்ளையார் படத்தின் முன் வைத்தார் மாஸ்டர்.

"ஒண்ணும் தெரியாதவங்கதான் எடுக்கோணும். அம்மிணியே தெரியாதுன்னு சொல்லிப்போட்டாங்க. அவங்களே எடுக்கட்டும்."

சிரித்துவிட்டார்கள். பீகார்க்காரர்களும் சிரித்தார்கள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவர்கள் போனால் என் மெஷின்கள் நிற்கும்.

எடுத்தாள். வெள்ளை.

வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன்.

"உனக்கு என்ன தோணுச்சு கண்ணு?"

"போறதுதான் நல்லதுன்னு தோணுச்சுக்கா."

"சொல்லிப்போட்டிருக்கலாமில்ல?"

"தோணறதச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சதத்தான் சொல்லுவேன். இருவது வருசப் பழக்கம்."

நான் வண்டியைத் திருப்பவில்லை. அவளும் திருப்பச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை யாரும் நைட்டி கம்பெனிக்குப் போகவில்லை. எங்களிடமே வந்தார்கள். வேறு வேலை இல்லாமல், குறையென்று ஒதுக்கிய பழைய பனியன்களைப் பிரித்துத் தைத்தார்கள். தங்கை ஜெனீவாவுக்குப் போய்விட்டாள். மூன்றாம் வாரம் ஆர்டர் கேன்சல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. நைட்டி கம்பெனிக்கு நானே நேரில் போய்க் கேட்டேன். ஆள் நிறைந்துவிட்டது என்றார்கள். வாடகைக்கு விட்டவர் வந்து மெஷின்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். அயர்ன் மாஸ்டர் டெம்போ வரைக்கும் ஒரு கை பிடித்துவிட்டார்.

அன்றைக்குத் தங்கைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் எல்லா ஊரிலும் கேட்பதையே என்னிடமும் கேட்டாள்.

"எத்தனை பேரு அக்கா?"

பதினொன்று.