எல்லப்பனின் மஞ்சள் துணி

பூவைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் எல்லப்பன். முன்பக்கம் பார்த்தால் எல்லாத் துவரைப் பூவும் மஞ்சள்தான். முதுகில்தான் சங்கதி. ஒன்றில் சிவப்புக் கோடு, ஒன்றில் முழுக்கச் செம்பு நிறம், ஒன்றில் எதுவுமில்லை. "பாத்தீங்களா, ஒரே கொல்லை, ஒரே வெதை. மூஞ்சி மட்டும் வேற வேற, நம்மூரு ஜனமாட்டம்!" என்று அடுத்த செடிக்கு நகர்கிறார். வீட்டில் ராகிக் களி ஆறிக்கொண்டிருக்கிறது.

சேலம் ஜில்லாவின் வடகோடியில், பேரிகையில் அவருக்குக் கொல்லை. ராகிக்கு இடையே சால் விட்டுத் துவரை போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் விதைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். எல்லப்பனுக்கோ தண்டு பச்சையா சிவப்பா, கிளை படர்கிறதா ஒட்டி நிற்கிறதா, காயில் கறுப்பு வரி உண்டா என்று பார்க்காவிட்டால் சோறு இறங்காது. தங்கை மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது படர்ற ஜாதி, எடம் நெறய வேணும்" என்றாராம். வண்டை விரட்டக் கன்னடம், மாட்டை அதட்டத் தெலுங்கு, மனைவி சென்னம்மாளிடம் தமிழ். மூன்று பக்கமும் கேட்பாரில்லை.

அவர் உயிரை வைத்திருப்பது ஒரே ஒரு செடியின் மேல். உச்சியில் கொத்துக் கொத்தாகக் காய், காய்க்கு ஆறு மணி. அந்த விதையைக் கொல்லை முழுக்கப் போடவேண்டும் என்பது ஆசை. சென்ற வருடம் அப்படி ஒரு செடியைக் கண்டு, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினார். மார்கழியில் வழிப்போக்கர்கள் பச்சைக் காய் ஒரு கைப்பிடி பறித்து வேகவைத்துத் தின்பது இந்த ஊரில் திருட்டாகாது. எந்தச் செடியில் காய் நல்ல காய் என்று நூலே காட்டிக் கொடுத்துவிட்டது. பொங்கலுக்குள் செடி மொட்டை. தப்பிய ஒற்றைக் காயை விதைத்தார். முளைத்தவற்றில் ஒன்றுதான் தாயை உரித்து வைத்திருந்தது. "மத்ததெல்லாம் வண்டு வேற செடிப் பூந்தூளக் கொண்டாந்து கலந்த வேலை" என்று நொந்துகொண்டார்.

ஆகவே இந்த வருடம் பூக்கும்போதே செடியின் தலைக்குத் துணி கட்டினார். வண்டு மட்டுமல்ல, ஆளும் அண்டாதிருக்க அதை மஞ்சளில் நனைத்தார். மஞ்சள் துணி என்றால் மாரியம்மனுக்கு நேர்ந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! மார்கழி போயிற்று, ஒரு காய் குறையவில்லை. எல்லப்பன் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

அறுப்பு வந்தது. கூலிக்கு அறுக்கும் மாதம்மாள் அந்தச் செடியைக் கண்டதும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது அம்மனுதுங்க ஐயா. நான் கை வெக்க மாட்டேன்."

"நான்தான் கட்டனேன் மாதம்மா, வண்டுக்காவ!"

"யாரு கட்டனா என்னாங்க? கட்டியாச்சில்ல?"

சென்னம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபடி, "அவ சொல்றது நெசந்தானே" என்றாள். காய்கள் முற்றி வெடிக்கும் பதத்தில் இருந்தன. இன்று விட்டால் விதை மண்ணோடு போகும்.

"சரியான பயந்தாங்கொள்ளிங்க!" என்று எல்லப்பன் விறுவிறுவென்று நடந்தார். பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். செடியை நெருங்க நெருங்க நடை தளர்ந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் முடிச்சில் கை வைத்தார்.