மெழுகுக்கு முன் கன்னியம்மா அக்கா

ஒரு டாக்சியின் கண்ணாடிகளில் பெயிண்ட் படாமலிருக்கச் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். எப்போதும் வாசலில் நின்றே கத்துகிற எங்கள் சீன முதலாளி தவுக்கே, அன்று கொட்டகைக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார். "கன்னியம்மா சுடா தடா," என்றார். மலாயில் ஒருவர் இறந்ததை அப்படித்தான் சொல்வார்கள், இனி இல்லை என்று. நான் சுவரைப் பார்த்தேன். முந்தின நாள் வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், தம் பச்சைக் கண்ணாடி வளையல்களை ஆணியிலேயே விட்டுப் போயிருந்தார். வளையல் இங்கே இருக்க, ஆள் எப்படி இல்லாமல் போவார் என்றுதான் என் புத்தி முதலில் கேட்டது.

மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பகுதியில் அவரை அறியாதவர்கள் குறைவு. அவர் குரலை அறியாதவர்கள் அதைவிடக் குறைவு. காருக்கு மெழுகு பூசுவதற்கு முன் பெயிண்டைக் கழுவித் தேய்த்துத் தயார் செய்வது அவர் வேலை. பெயிண்ட் அடிப்பது என் வேலை. பல வருடங்கள் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தோம். உங்களில் பலர் அவரிடம் கார் விட்டு வாங்கியவர்கள், திட்டும் வாங்கியவர்கள். அதனால் அவரை அடக்கமானவர் என்றெல்லாம் நான் எழுதினால் சிரிப்பீர்கள். "என் கை மாதிரி கை மலாக்காவுல இன்னொன்னு இருந்தா கூட்டிட்டு வா, பாப்போம்," என்று தவுக்கேயிடமே சொன்னவர் அவர். யாரையும் கூட்டிவர முடியவில்லை என்பதும் உண்மை.

காரைத் தொடுவதற்கு முன் வளையல்களைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டுவார். தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இது பொறுக்கவில்லை. சுமங்கலி தினமும் வெறுங்கையோடு நிற்கலாமா, புருஷனுக்கு ஆகாதே என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அக்கா வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்ன பதில் ஊரறிந்தது. "வளையலக் கழட்டுனா புருஷனுக்கு ஆகாது. கழட்டலன்னா காருக்கு ஆகாது. புருஷன் கீறல் விழாத ஆளு, விடுங்க." அவர் கணவர் முனியாண்டி அண்ணன், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், இதைக் கேட்டு வெட்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் தண்ணீர், கூரையிலிருந்து கீழே. மண் தானாக இறங்கிப் போகும்வரை துணியைத் தொட விடமாட்டார். பிறகு தாரைப் போக்க மண்ணெண்ணெய். காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுப்பார். அதன் பிறகு தவுக்கேயின் சிகரெட் பெட்டியிலிருந்து கண்ணாடித்தாளைக் கேட்டு வாங்கி, விரல்களுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தடவுவார். வெறுங்கைக்கு வழுவழுப்பாக இருந்த இடம், அந்தத் தாளுக்கடியில் மணலாக நெருநெருக்கும். நானும் தடவிப் பார்த்து அசந்துபோயிருக்கிறேன். "மெழுகு பூசுனா எல்லாக் காரும் அழகுதான். பூசுறதுக்கு முன்ன பாக்கணும், அதான் காரு," என்பார்.

இந்தக் கை அவருக்குத் தோட்டத்தில் வந்தது. ஊருக்கு வருமுன் பால் வெட்டியவர். ரப்பர் மரத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கட்டைவரை போனால் மரத்துக்குக் காயம். அந்த இடம் முண்டு தட்டிப்போய், பிறகு ஒழுங்காக வெட்ட வராது. கங்காணி மரம் மரமாக வந்து காயம் தேடுவாராம். அக்காவின் மரங்களில் அவருக்கு ஒன்றும் கிடைக்காதாம். பெயிண்டும் அவருக்குப் பட்டைதான். ஒரு காரைத் தேய்த்து முடித்ததும், சுற்றிவந்து, "காயம் இல்ல," என்பார். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் மெழுகு டப்பாவைத் திறப்போம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். ஊரெல்லாம் மெர்டேக்கா என்று கொடி கட்டிக்கொண்டிருந்தது. நெற்றி நிறையத் திருநீறும் நாக்கு நிறைய மலாயுமாக இருக்கும் ஒரு மலாக்கா செட்டிப் பெரியவர், தம் பழைய காருக்குக் கறுப்பு அடிக்கக் கொடுத்திருந்தார். அவர் தெருவிலிருந்து ஊர்வலத்துக்குப் போகும் முதல் கார் அதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மழையோ விடவில்லை. இந்த ஈரத்தில் அடிக்க வேண்டாம் என்றேன். தவுக்கே கேட்கவில்லை, அடி என்றார், அடித்தேன். காலையில் பார்த்தால், கறுப்பின் மேல் கழுநீரை ஊற்றியதுபோல் கார் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. காற்றின் ஈரம் பெயிண்டில் சிக்கினால் அப்படித்தான் ஆகும். மறுபடி அடிக்க நாளும் இல்லை, வெயிலும் இல்லை. இந்தக் கார் ஊர்வலத்துக்குப் போகாவிட்டால் நீயும் இனி வர வேண்டாம் என்று தவுக்கே சொல்லிவிட்டார். வீட்டில் என் மனைவி நிறைமாதம்.

அக்கா காரைச் சுற்றி வந்தார்.

"தோல்ல மட்டும் பூத்திருக்கா, உள்ளயும் போயிருச்சா?"

"தெரியலக்கா."

"மூலையில எப்படி அடிச்சிருக்க?"

"மூலையில மெல்லிசாத்தான் நிக்கும்க்கா. அங்க தேய்ச்சா அடிப்பூச்சு வந்துரும்."

"சரி, தள்ளி நில்லு. மூஞ்சிய இப்படி வச்சிருந்தா காரு பயந்துரும்."

வளையல்கள் ஆணிக்குப் போயின. தண்ணீர் ஊற்றினார். பிறகு காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினார். துணியில் கறுப்பு வரலாம், அது மேல்தோல். அடிப்பூச்சின் செம்மண் நிறம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவர் துணியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் செம்மண் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டையான இடங்களில் துணி. மடிப்புகளில் துணியை வைத்துவிட்டு ஒற்றை விரல். மட்கார்டின் மூலைக்கு வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டார். கன்னியம்மா அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். விரல் போய்வந்தது, போய்வந்தது, சட்டென்று நின்றது. ஏன் அங்கே நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னும் ஒரு தேய்ப்பு தேய்த்திருந்தால் செம்மண்தான்.

சாயங்காலம் அந்தக் காரில் தகரக் கூரை தெரிந்தது, வெளியே கட்டியிருந்த கொடிகள் தெரிந்தன, வாயைப் பிளந்துகொண்டு நின்ற நானும் தெரிந்தேன். நான் அடித்த கறுப்புதான், ஆனால் அதற்குமுன் நான் அதைப் பார்த்ததே இல்லை.

தவுக்கே மகிழ்ச்சியோடு மெழுகு டப்பாவை எடுத்து வந்தார். அக்கா அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தக் போலே, தவுக்கே. இது பச்சப்புள்ள. இப்ப மெழுகு போட்டா மூச்சு முட்டிரும்." தவுக்கேவுக்குப் புரிந்தது முடியாது என்கிற 'தக் போலே' மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது.

மெழுகில்லாமலேயே அந்தக் கார் ஊர்வலத்தில் போனது. சாலையோரத்தில் எல்லாரும் கொடியைப் பார்த்துக் கை தட்டினார்கள். அக்கா மட்டும் மட்கார்டைப் பார்த்தார். "காயம் இல்ல," என்றார். என் வேலை நிலைத்தது. அந்த மாதம் பிறந்த என் மகள் இன்று பள்ளிக்கூடம் போகிறாள்.

தவுக்கே செய்தி சொன்ன அன்றே, வளையல்களைக் கைக்குட்டையில் சுற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முனியாண்டி அண்ணன் பிரித்துப் பார்த்தார். "கழட்டாத கழட்டாதன்னு ஊரே சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல பாரு, தம்பி," என்று சொல்லி அழுதார். பெண்கள் அந்த வளையல்களையே அக்காவுக்குப் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் செட்டிப் பெரியவர் அதே கறுப்புக் காரை மெழுகு பூசக் கொண்டுவந்தார். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் வாளியை எடுத்தேன். துணியைத் தொடுவதற்கு முன் என் கல்யாண மோதிரம் கண்ணில் பட்டது. கழற்றி, சுவரில் வெறுமனே இருந்த ஆணியில் மாட்டினேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஆணிதான். என் மனைவிக்குத் தெரிந்தால் ஏதாவது சொல்வாள், சொல்லட்டும்.

தண்ணீரைக் கூரையிலிருந்து விட்டேன். மண் இறங்கியதும் மட்கார்டின் மூலையில், அன்று அவர் விரல் நின்ற இடத்தில், என் விரலை வைத்தேன். கறுப்பு அப்படியே இருந்தது. கொட்டகையில் அப்போது வேறு யாரும் இல்லை. இருந்தாலும் அவர் சொல்வதுபோல் உரக்கவே சொன்னேன்.

"காயம் இல்லக்கா."