இடமாகச் சுற்றிய எண்கள்

பூரணி பிறந்தது இலங்கை மலைநாட்டு டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். கோடு பிசகாத கை அவளுக்கு. 1984இல் பொல்பிட்டியப் பக்கத்து மின்நிலைய வேலையில், வரைபட அறை நாற்காலியில் அவளை உட்கார வைத்தது அந்தக் கைதான். பாவம், அவளைக் கலங்க வைத்ததும் அதே கைதான்!

மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் இரும்புக் குழாய்க்குப் புதிய வளைவு ஒன்று பொருத்த வேண்டியிருந்தது. தண்ணீர் எந்த இடத்தில் அதிகமாக நெருக்கும் என்று கொழும்பில் கம்பியூட்டர் கணக்குப் பார்க்கும். அதற்காக வளைவு முழுவதையும் சின்னச் சின்ன முக்கோணங்களாக்கி வலைபோல் பின்ன வேண்டும். மரத்தில் செய்த மாதிரியின் மேல் பூரணி பென்சிலால் பின்னினாள். ஒவ்வொரு முக்கோணத்தின் முனைகளுக்கும் எண் போட்டு அனுப்பினாள்.

எல்லாம் திரும்பி வந்தது.

"பரப்பெல்லாம் மைனஸ்ல வருதாம்," என்றார் எஞ்சினியர் றோலண்ட். "வெளிய இருந்து பாத்தா இடமா சுத்தி நம்பர் போடணும்னு சொன்னேனே. வலமா போட்டா அது பரப்பை மைனஸ்னு எடுத்துக்கும். ஏன் வலமா போட்டீங்க?"

"இடமா சுத்துறது எழவு வீட்டுலங்க, சேர்."

"கம்பியூட்டருக்கு ஏதும்மா எழவு வீடு?"

அறையே சிரித்தது. பூரணி சிரிக்கவில்லை. அந்த வளைவுக்குள் இறங்கி வெல்டிங் ஒட்டு வைப்பவன் அவள் புருஷன் சிவசாமி. அவன் இருக்கும் இடத்தை இடமாகச் சுற்றுவதா? சுற்றாவிட்டால் கணக்கு வராது. கணக்குப் பிழைத்து குழாய் வெடித்தால் அப்போதும் பக்கத்தில் நிற்பவன் அவன்தானே! எந்தப் பக்கம் திரும்பினாலும் தாலிதான் கண்ணில் நின்றது.

வீட்டில் சொன்னாள். சிவசாமி விழுந்து விழுந்து சிரித்தான்.

"எனக்கு எழவே எடுத்துட்டியா, புள்ள? நான் குழாய்க்கு உள்ளதானே இருப்பேன்? உள்ள நின்னு பாத்தா அது வலமாத்தானே தெரியும்!"

அவள் நம்பவில்லை. ஏற்றாத லாம்பின் கண்ணாடிச் சிமினியில் மையால் முக்கோணம் போட்டு, இடமாக எண்ணிட்டாள். சிமினியைத் திருப்பி, கண்ணாடி வழியே அந்த முக்கோணத்தை உட்புறத்திலிருந்து பார்த்தாள். எண்கள் வலமாகப் போயின! தலை சுற்றியது. மறுநாள் இடமாகவே எண் போட உட்கார்ந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் மனதில் அவனைக் குழாய்க்கு உள்ளே நிறுத்திக்கொண்டே போட்டாள். கணக்கு வந்தது. வளைவும் பொருந்தியது.

தண்ணீர் திறந்த அன்று அவளும் வந்திருந்தாள். சிவசாமி குழாயின் ஓரத்தில் நின்று கையசைத்தான்.

பூரணி கத்தினாள்.

"ஐயோ! நீங்க இப்ப வெளியதானே நிக்கிறீங்க!"

தண்ணீர் இறங்கியது. வளைவு ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. சிரித்தபடி நடந்து வந்தவனின் கையைப் பற்றிக்கொண்டாள். அவனைக் காத்தது இடமா, வலமா? அவளுக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை.