பஸ்ஸாக ஓடி வந்த அம்மா

எங்கள் வீட்டில் கடவுளுக்கு அடுத்த இடம் நெல்லுக்கு. அப்பாவுக்கு மூன்றாவது இடம்தான்; அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. செருப்புக் காலோடு நெல்லை மிதித்தவர் யாரும் அம்மாவின் வாயிலிருந்து தப்பியதில்லை. விருந்துக்கு வந்த மாமாவே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட நெல் காய்ந்ததென்னவோ ஊர்ச் சாலையில்தான். தை மாதத்தில் மெஷின் அறுத்துக் கொட்டும் ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஆகவே தார்ச்சாலையின் ஒரு பாதியில் நீளமாகப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக வைப்போம். மிச்சப் பாதியில்தான் மினிபஸ்ஸும் டிராக்டரும் எங்கள் சைக்கிள்களும் போய்வர வேண்டும். அதற்கப்பால் வாய்க்கால்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் பள்ளி விட்டுச் சைக்கிளில் வரும்போது வளைவில் எதிரே மினிபஸ் வந்துவிட்டது. அதற்குப் பின்னால், சற்றுத் தூரத்துப் புங்கமரத்தடியில், அம்மா வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒதுங்க இடம் இருந்தது. பக்கத்தில் கிடந்தது எங்கள் நெல்தான். கற்களுக்கு நடுவே சைக்கிள் நுழைய இடைவெளியும் இருந்தது. ஆனால் காலில் செருப்பு, சக்கரத்தில் சேறு. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடுச்சாலையில் நின்றுவிட்டேன்.

என் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"ஏம் பாப்பா, நெல்லுல ஏறி ஒதுங்க வேண்டியதுதான?"

"நெல்ல மிதிச்சா அம்மா திட்டும்."

அதற்குள் ஓடி வந்திருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. அவள் என்னைத் திட்டவில்லை, டிரைவரையும் திட்டவில்லை. கருங்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வாய்க்காலில் எறிந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. தெருவில் சைக்கிள் வைத்திருந்த பிள்ளைகளையெல்லாம் அம்மா சாலைக்குக் கூட்டி வந்தாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆகவே பஸ்ஸாக இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு புங்கமரத்தடியில் போய் நின்றாள்.

"நான்தான் பஸ்ஸு. ஆரன் அடிச்சிக்கிட்டே வருவேன். வேகத்தைக் கொறச்சிட்டு, செருப்போட, சைக்கிளோட நெல்லுக்குள்ள எறங்கிடணும். யாராச்சும் நின்னீங்க, தோல உரிச்சிடுவேன்!"

'பாம், பாம்' என்று கத்திக்கொண்டு நிஜமாகவே ஓடி வந்தாள். முதல் தடவை எனக்குக் கூசியது. மெல்ல ஏற்றினேன், சக்கரம் புதைந்து நெல்லின் மேலேயே சாய்ந்தேன். திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்படித்தான்! நெல்லுக்கு என்ன, திரும்ப அள்ளிக்கலாம்" என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்த பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நெல்லு காயப்போடுறியா, சர்க்கஸ் காட்டுறியா?"

"ரெண்டுந்தான்க்கா" என்றாள் அம்மா, மூச்சு வாங்கியபடி.

ஆனால் அன்று மாலையே பெரியம்மாவும் தன் நெல்லோரத்துக் கற்களை எடுத்துவிட்டாள். அம்மா வீடு வீடாகப் போய்ப் பேசியதில், அடுத்த தையில் அந்த வளைவில் யாருமே நெல் காயப்போடவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள், ஒரு சாலையையே திருத்திவிட்டாள். இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு தடவையோடு விட்டாள். எனக்கு மட்டும் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் அதே புங்கமரத்தடிக்குத் திரும்பிப் போய், அங்கிருந்தே ஓடி வந்தாள். கடைசியில் ஆரன் சத்தம் கம்மி, உடைந்து, நின்றேவிட்டது. "பஸ்ஸுக்கு டீசல் தீந்துபோச்சு!" என்று கைதட்டிச் சிரித்தேன். அம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

முந்தின நாள் பஸ் தன்னைக் கடந்து என்னை நோக்கிப் போனபோது அவள் நின்றிருந்ததும் அதே புங்கமரத்தடிதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.