நீலத் தாவணி போட்ட படம்

புளியங்குச்சியைப் பால்பவுடர் டப்பாவில் அடைத்துச் சுட்டெடுத்த கரி விரலில் மாவு போல வழுக்கும், மூக்கருகே கொண்டுபோனால் லேசாகப் புளித்த வாடை வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், செஞ்சியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், அந்தக் கரியைத்தான் காதர் சார் ஆளுக்கொரு துண்டாக ஒடித்துக் கொடுப்பார். ட்ராயிங் மாஸ்டர். ஊரில் "பாய் சாரு" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, எதிரில் இருப்பவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வரையச் சொல்வார். எனக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க வராது. அதனால் எதிரே இருப்பவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, அவள் பின்னலையும் ரிப்பனையும் வரைந்துகொண்டு போவேன். "இன்னா பாப்பா, ஊர்ல அல்லாரும் உன்கிட்ட கோவிச்சிக்கினு திரும்பிக்கினாங்களா?" என்று சிரிப்பார். ஆனால் அந்தப் பின்னல்களைக் கரும்பலகைக்கு மேலே ஒட்டிவைத்தவரும் அவர்தான். என் கை செய்த ஒன்றை நாலு பேர் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது முடிந்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். நைனாவும் அம்மாவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சார் மூன்று முறை வீட்டுக்கு வந்து கேட்டார். "அடுத்த வருசம் பாக்கலாம் சாரு" என்று நைனா மூன்று முறையும் மரியாதையாகவே சொன்னார்.

அதற்குள் நான் வயசுக்கு வந்துவிட்டேன். சடங்குக்குச் சார் ஒரு சுருட்டிய காகிதத்தோடு வந்தார். விரித்தால் நான். பெரிய பள்ளிக்கூடத்துப் பெண்கள் போடும் நீலத் தாவணி, வெள்ளை ரவிக்கை, இடுப்போடு அணைத்துப் பிடித்த புத்தகங்கள். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் தாவணிக்குத் தீட்டியிருந்தார். "தெனம் கண்ணுல பட்டா உனக்கே மனசு வரும் ஏழுமல" என்று நைனா கையில் கொடுத்தார்.

நைனாவுக்கு ஒரே பெருமை. எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் போட்டோ கிடையாது. பழைய சாமி படத்தின் கண்ணாடிச் சட்டம் ஒன்று கிடந்தது. காகிதம் அதற்கு நீளமாக இருந்ததால், அடிப்பக்கத்தைப் பின்னுக்கு மடித்துப் பொருத்தி மாட்டினார். மடிப்புக்குள் புத்தகங்கள் போய்விட்டன. தாவணி போட்ட பெரிய பெண் ஒருத்தி மட்டும் சுவரில் நின்றாள். அவர் மடிப்பதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சடங்குக்கு வந்து தங்கியிருந்த அவலூர்பேட்டை அத்தை அதை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். "அண்ணா, இன்னா லட்சணமா கீது பொண்ணு. இத்த எடுத்துக்கினு போறேன், எம்புள்ளயும் பாக்கட்டும்." பழைய புடவையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறியவர், அடுத்த வாரம் வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார்.

சார் கேள்விப்பட்டு வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"அந்தப் படத்த வாங்கிக் குடுத்துடு ஏழுமல. அது அதுக்குப் போட்ட படம் இல்ல."

"செஞ்ச சீர யாருனா திருப்பிக் கேப்பாங்களா சாரு? உங்க கைராசி, அலையாம மாப்ள வந்துட்டாரு."

நைனா மனசாரத்தான் சொன்னார். சாருக்கு முகமே செத்துப்போனது. கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. படிக்கிறியா? ஒரு வார்த்த சொல்லு, நான் இங்கியே உக்காந்துக்கிறேன், போவ மாட்டேன்."

படிக்கிறேன் என்ற ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டியது. கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தீங்களா, வெக்கப்படுது" என்றாள் அம்மா. கொடுத்த டீயைக் குடிக்காமல் சார் எழுந்து போனார்.

பதினைந்து முடிவதற்குள் கல்யாணம். அவலூர்பேட்டை வீட்டில் ஒருநாள் யாருமில்லாதபோது சட்டத்தைக் கழற்றி மடிப்பை விரித்துப் பார்த்தேன். தாவணி வெளுத்திருந்தது, வெளிச்சமே படாத புத்தகங்கள் வரைந்த அன்று போலவே கருகருவென்று இருந்தன. மறுபடி மடித்து மாட்டிவிட்டேன். அப்புறம் கரையான் அரித்தது.

போன மாதம் காதர் சார் இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் பழைய பிள்ளைகள் கூட்டம் வைத்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் படித்து, போர்டு எழுதிப் பிழைக்கும் ஒருவர் மைக்கைப் பிடித்து, "மல, குதிர, கோட்ட, எல்லாம் சொல்லிக் குடுப்பாரு. ஆனா முகம் மட்டும் வரையவே மாட்டாரு. அவங்க மார்க்கத்துல ஆவாதில்ல, அதுல அவ்ளோ சுத்தம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், சாருடைய மகன் உட்பட. என் படம் சுவரிலிருந்து போன பிறகு அதே பள்ளியில் சேர்ந்த என் தம்பியும் மலையும் பானையும்தான் வரைந்து கொண்டுவருவான். ஒரு முகம் கொண்டுவந்ததில்லை. நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து முகம் வரைந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அதில் என்னோடு இருந்தவர்களில் அன்றைக்கு வந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

மைக் எங்கள் வரிசைக்கு வந்தது. வாங்கிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டேன்.